ரயில் ஓடாத பாதையில் இரண்டு சம்பந்திகள்

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
மார்ச் 2, 2025

மதிப்பிற்குரிய திரு. வெங்கடாசலம் அவர்களுக்கு,

பிப்ரவரி 22, சனிக்கிழமை பிற்பகல் 2.40க்கு நீங்கள் கல்யாண வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினீர்கள். அதன்பின் மூன்று முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே தபால்.

அன்று நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன். முப்பத்துநாலு வருடம் மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். எது தவறினாலும் முதலில் எழுதிவைப்பது வழக்கம்.

எடிசன் ஓட்டலில் நிச்சயதார்த்த விருந்து. என் மகன் ஆதர்ஷும் உங்கள் மகள் எழிலரசியும் எழுந்து நின்று, கல்யாணம் மண்டபத்தில் இல்லை என்று அறிவித்தார்கள். அக்டோபரில், ஸ்பெயின் நாட்டின் தெற்கே, ஓல்வேரா என்னும் ஊரிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ என்னும் ஊர்வரை, பழைய ரயில் பாதை வழியாக மூன்று நாளில் முப்பத்தாறு கிலோமீட்டர். மூன்றாம் நாள் போய்ச் சேரும் இடத்தில் தாலி. நாம் நான்கு பெற்றோரும், அவர்களுடைய நண்பர்கள் எட்டுப் பேரும் மட்டும். இதைக் கேட்டதும் நான் உங்களிடம் சொன்னது: "வெங்கடாசலம் சார், இந்த ஓட்டமெல்லாம் உங்களுக்கு எதுக்கு? சாமான் ஏத்திண்டு ஒரு வேன் வருமாம். நீங்க அதுல வந்துடுங்கோ."

இது அக்கறையில் சொன்னது. நீங்கள் பாயசத்துக்கு முன் எழுந்துவிட்டீர்கள்.

எங்கள் குடும்பக் கல்யாணங்களில் சம்பந்திச் சண்டை புதிதல்ல. ஆனால் இலையை விட்டு எழுந்துபோகும் உரிமை காலம்காலமாக மாப்பிள்ளை வீட்டாருடையது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால், கோபித்துக்கொள்ள எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

பிள்ளைகள் அனுப்பிய மெயில் உங்களுக்கும் வந்திருக்கும். அப்பாக்கள் இருவரும் மூன்று நாளும் சேர்ந்து கிளம்பி, கால்நடையாக, சேர்ந்து வந்து சேரவேண்டும். முடியாது என்றால் ஸ்பெயின் கிடையாது. அவர்கள் வேலை பார்க்கும் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டிலேயே கவுண்ட்டி ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு நமக்கு ஒரு போட்டோ அனுப்புவார்கள். இதைப் பகடி என்று நினைத்துச் சிரித்தேன். என் மனைவி ஷ்யாமளா சிரிக்கவில்லை.

பதில் எழுதவும்.

இப்படிக்கு,
அச்சுதன்

*

ரிச்சர்ட்சன், டெக்ஸாஸ்
மார்ச் 20, 2025

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில், விருந்துக்கு வந்தவனுடைய உடம்பைப் பற்றி அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேசமாட்டோம். கை கழுவின பிறகு பேசுவோம். நீங்கள் பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

நெவார்க் ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி சாந்தாமணி கேட்டாள்: "ஏனுங்க, அவரு சொன்னதுல என்னங்க தப்பு? நீங்க மாடி ஏறுனா கீழ் வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கறாங்க." ஆகவே நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் கோபப்படவில்லை. அதைத் தெளிவுபடுத்திக்கொள்கிறேன்.

நான் நூற்றுநாலு கிலோ. எனக்கு ஒரே பெண். அவள் கல்யாணத்தைப் போட்டோவில் பார்க்கிற உத்தேசம் எனக்கு இல்லை. எழில் போனில், "அப்பா, யூ டோன்ட் ஹாவ் டு ரன். ஜஸ்ட் கம்" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேனில் என் பெட்டி வரும். நான் வரமாட்டேன்.

உங்கள் வீட்டு ஹாலில் பதினாலு ஹாஃப் மாரத்தான் மெடல்கள் தொங்குவதை ஜனவரியில் மாப்பிள்ளை பார்க்க வந்தபோது பார்த்தேன். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதுதான் வழக்கம். பிள்ளைகள் அதையும் மாற்றிவிட்டார்கள். அது போகட்டும். இவ்வளவு தெரிந்த நீங்கள், எப்படிப் பழகுவது என்று எழுதினால் செய்து பார்க்கிறேன். உங்களோடு சேர்ந்து கிளம்பவும் சேரவும் வேண்டுமாமே.

இப்படிக்கு,
வெங்கடாசலம்

*

மான்மவுத் ஜங்ஷன்
ஏப்ரல் 14, 2025

அன்புள்ள வெங்கடாசலம் அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இருபத்தெட்டு வாரப் பயிற்சி அட்டவணை இணைத்திருக்கிறேன். முதல் நாலு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. மூச்சு வாங்கினால் பேசிப் பார்க்கவும். ஒரு முழு வாக்கியம் வந்தால் வேகம் சரி, வராவிட்டால் குறைக்கவும். புதிய ஷூவை ஸ்பெயினில் முதல்முறை போடவேண்டாம்.

பாதையைப் பற்றிச் சொல்லவேண்டும். நூறு வருடத்துக்கு முன் மலையைக் குடைந்து முப்பது சுரங்கம், ஆறுகளின் மேல் பாலங்கள், ஊருக்கு ஊர் ஸ்டேஷன் எல்லாம் கட்டினார்கள். அதற்குள் பணமும் நாட்டின் அமைதியும் தீர்ந்துவிட்டன. அந்த ரயில் பாதையில் இன்றுவரை ஒரு ரயில்கூட ஓடியதில்லை. நீங்களும் நானும் இந்த நாட்டில் வேலை பார்த்த ப்ராஜெக்ட்டுகளில் பலவும் இதே கதிதான். ஆனால் அவற்றில் யாரும் காலையில் ஓடப்போவதில்லை. இரண்டு பக்கமும் ஆலிவ் தோப்பு. குன்று ஏறி இறங்கும் வரிசைகள், தலை சீவி வாரின மாதிரி. வழியில் ஒரு பெரிய பாறையில் நூற்றுக்கணக்கான பிணந்தின்னிக் கழுகுகள் இருக்கின்றன. நம் வயதில் இரண்டு பேர் மெதுவாகப் போவதை அவை ஆர்வத்தோடு கவனிக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பாதையின் படம் என் ஆபீஸ் சுவரில் பதினோரு வருடம் இருந்தது. ஒரு பத்திரிகையில் வந்த படம். வெள்ளை ஊர், கீழே தோப்பு, நடுவில் ஒருவன் ஓடுகிறான், முகம் தெரியவில்லை. ஆதர்ஷ் ஹைஸ்கூலில் இருந்தபோது கேட்பான், "இஸ் தட் யூ, அப்பா?" இல்லை, ஒருநாள் நானாக இருக்கும் என்பேன்.

என் பயிற்சி வழக்கம்போல் நடக்கிறது. அதைப் பற்றி எழுத இடமில்லை.

அன்புடன்,
அச்சுதன்

*

ரிச்சர்ட்சன்
ஜூன் 22, 2025

அன்புள்ள ஐயா,

தொண்ணூற்றாறு கிலோ.

இங்கே காலை ஆறு மணிக்கே அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கிறது. யுனிவர்சிட்டி வளாகத்தைச் சுற்றி ஓடுகிறேன். முதல் மாதம் கடந்துபோன பிள்ளைகள் எல்லாம் "ஆர் யூ ஓகே, சார்?" என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. நான் தேறிவிட்டேனா, அவர்கள் பழகிவிட்டார்களா தெரியவில்லை.

சாந்தாமணிக்குப் பயம். நான் ஓட, அவள் காரில் நாலு விளக்கும் மின்ன எனக்குப் பின்னாலேயே வந்தாள். மூன்றாம் நாள் போலீஸ் கார் வந்து நிறுத்தியது. போலீஸ்காரர் என்னை விட்டுவிட்டு அவளிடம் போய், "மேடம், இந்த ஆளால் உங்களுக்கு ஏதாவது தொந்தரவா?" என்று இங்கிலீஷில் கேட்டார். அவள், "முப்பது வருசமா, ஆபீசர்" என்றாள். அவர் என்னைப் பார்த்து, "குட் லக், சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். உங்கள் அட்டவணை நல்ல அட்டவணை. எழுதினவரைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, அட்டவணை மேல் குறை இல்லை.

இனி ஒரு விஷயம். எழில் போன வாரம் சொன்னாள்: "அப்பா, ஆதர்ஷ் இத அவங்க அப்பாவுக்காகத்தான் பண்றான். பதினோரு வருஷமா அவர் சொல்லிட்டே இருந்த ரூட். ப்ளீஸ், அங்க வந்து சண்டை போடாதீங்க."

அதற்குப் பிறகு, நீங்கள் எப்படி ஓடுகிறீர்கள் என்று பார்க்கலாம் என்று, நம் ஓட்டத்தைக் குறித்துவைக்கும் அந்த ஆப்பில் உங்கள் பெயரைத் தேடினேன். போன நவம்பர் வரை வாரம் நாலு நாள். அதற்கப்புறம் ஏழு மாதமாக ஒரு வரி இல்லை.

ஆப் கெட்டுவிட்டதுங்களா?

வெங்கடாசலம்

*

மான்மவுத் ஜங்ஷன்
ஜூலை 6, 2025

அன்புள்ள வெங்கடாசலம் அவர்களுக்கு,

ஆப் கெடவில்லை.

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில், தாங்க்ஸ்கிவிங் காலை எங்கள் ஊர் ஓட்டத்தில், மூன்றாவது மைலில் இடது முழங்காலில் ஏதோ அறுந்தது. ஜவ்வு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அதில் மிச்சம் இருப்பதைவிட இல்லாததையே அதிகம் சுட்டிக்காட்டினார். நடக்கலாமாம். மெதுவாக. ஓடுவதைப் பற்றிக் கேட்டால் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறார். மாடியிலிருந்து இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறேன். அதனால் ஷ்யாமளாவுக்குத் தெரியும். ஆதர்ஷுக்குச் சொல்லவேண்டாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரியில் அந்த மேஜையில் அவன் எழுந்து நின்று ஓல்வேரா என்று சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும்? நான் கைதட்டினேன்.

தட்டிக்கொண்டே யோசித்தேன். வேன் ஒன்று வருமாம். அதில் நான் தனியாக ஏறினால் ஏன் என்று கேட்பார்கள். நீங்கள் ஏறினால், சம்பந்தியைத் தனியே அனுப்பக்கூடாது என்று மரியாதைக்காக நானும் ஏறிக்கொள்ளலாம். அன்று உங்களிடம் சொன்ன வாக்கியம் உங்கள் உடம்பைப் பற்றியதே அல்ல. எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

இப்போது என் நிலைமை: சொன்னால் அவன் பாதையை ரத்து செய்துவிட்டு, எனக்காக ஏதாவது மண்டபம் பிடிப்பான். சொல்லாமல் போனால் முதல் நாளே தெரிந்துவிடும். எதைச் செய்வது என்று தெரியவில்லை. தரக்கட்டுப்பாட்டில் இதற்குப் படிவம் இல்லை.

கோபம் வரும். வரட்டும்.

அச்சுதன்

*

ரிச்சர்ட்சன்
ஜூலை 19, 2025

ஐயா,

கடிதம் வந்த அன்று முழுக்கக் கோபம். பத்துக் கிலோ குறைத்திருக்கிறேன், ஐயா. டெக்ஸாஸ் வெயிலில். என்னைப் பற்றிச் சொல்லாத ஒரு வார்த்தைக்காக.

மறுநாள் சாந்தாமணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசருக்கு ஒரு மாலை வாங்கிப் போடோணுமுங்க. இத்தன வருசமா நான் கரடியாக் கத்துனேன், டாக்டர் கத்துனாரு, நீங்க அசையல. அவரு ஒத்த வார்த்தை சொன்னாரு, தெருத்தெருவா ஓடறீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் பிள்ளைகளின் மெயிலைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 'சேர்ந்து கிளம்பி, கால்நடையாக, சேர்ந்து வந்து சேரவேண்டும்.' ஓடவேண்டும் என்று எங்கும் இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை படிக்கிறவர் என்று நினைத்தேன்.

நடக்கலாம். நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ரயில் போடுவதற்காகச் சமன்படுத்தின பாதை, பெரிய ஏற்றம் இறக்கம் இருக்காது. இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வாங்கி இப்போதே பழகுங்கள். நான் உங்களோடு நடக்கிறேன். உடம்பு இளைத்த பிறகு மெதுவாக நடப்பதில் எனக்குக் கவுரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆனால் பையனிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன். நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், போனில் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

வெங்கடாசலம்

*

மான்மவுத் ஜங்ஷன்
செப்டம்பர் 14, 2025

அன்புள்ள சம்பந்தி,

சொல்லிவிட்டேன். லேபர் டே விடுமுறைக்கு ஃப்ரீமான்ட் போயிருந்தேன். ஆதர்ஷ் என்னை எலிசபெத் ஏரியைச் சுற்றி நடக்கக் கூட்டிப்போனான். வாத்துகள் நிறைய. ஒரு சுற்று முடியும்வரை நான் வாத்துகளைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது சுற்றில் சொன்னேன்.

"ஐ நோ, அப்பா" என்றான். "அம்மா டிசம்பர்லயே சொல்லிட்டா."

"தெரிஞ்சுண்டேவா ஸ்பெயினுக்கு டிக்கெட் போட்ட?"

"அதனாலதான் ரூல்ல 'ஆன் ஃபுட்'னு போட்டேன். 'ரன்'னு போடல. நீங்க கவனிக்கலையா?"

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"யூ டிட்ன்ட் டெல் மீ. ஸோ ஐ டிட்ன்ட் டெல் யூ."

அவன் என் பிள்ளைதான் என்பதில் இனி எனக்குச் சந்தேகம் இல்லை. ஷ்யாமளாவின் சத்தியம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

இனிக் கல்யாண விஷயம். பஞ்சாங்கத்தை ஸ்பெயின் நேரத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்டேன். அக்டோபர் 26, ஞாயிறு, காலை 11.00 முதல் 12.30 வரை முகூர்த்தம். அன்று காலை எட்டு மணிக்கு, இரவு தங்கும் ஸ்டேஷன் விடுதியிலிருந்து கிளம்புகிறோம். கிளம்பும்போது எங்கள் வழக்கப்படி ஒரு சடங்கு வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். காசி யாத்திரை என்று பெயர். மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாக, சம்சாரம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று புறப்படுவான். பெண்ணின் தகப்பனார் பின்னாலேயே போய், "காசிக்குப் போகவேண்டாம் மாப்பிள்ளை, என் பெண்ணைத் தருகிறேன், வாருங்கள்" என்று அழைத்து வரவேண்டும். பத்து அடி தூரம்தான். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

பெண்ணின் தகப்பனார் வாயால் கூப்பிடும்வரை நிற்கக்கூடாது, அதுதான் முறை என்று ஆதர்ஷிடம் சொல்லியிருக்கிறேன். அவன் போனில் குறித்துக்கொண்டான்.

அன்புடன்,
அச்சுதன்

*

ரிச்சர்ட்சன்
செப்டம்பர் 27, 2025

அன்புள்ள சம்பந்தி,

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை எங்கே உட்காரவைக்கிறோமோ அங்கேயே இருப்பார். கிளம்பிப் போகிற பழக்கம் இல்லை. இருந்தாலும் செய்துவிடலாம்.

எழிலிடம் சொன்னேன். "என்னைத் தர்றதுக்கு நான் என்ன பார்சலா?" என்றாள். பிறகு, "குடை எந்தக் கலர்?" என்று கேட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நேரத்தையும் பார்த்துக்கொண்டேன். எட்டு மணி, பதினொன்று முதல் பன்னிரண்டரை. சரி.

வெங்கடாசலம்

*

மான்மவுத் ஜங்ஷன்
நவம்பர் 9, 2025

அன்புள்ள சம்பந்தி,

ஊர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. முதல் இரண்டு நாளும் நீங்கள் எனக்காகக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்ததைக் கவனிக்காதது மாதிரி இருந்தேன். கவனித்தேன்.

மூன்றாம் நாள் நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன்.

பத்து அடி என்று எழுதியிருந்தேன். ஆதர்ஷ் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டான். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனீர்கள். பத்து அடி ஆயிற்று, நூறு அடி ஆயிற்று, இருவரும் சுரங்கத்துக்குள் போய் மறைந்தீர்கள். போட்டோ எடுக்க நின்றவன் கேமராவை இறக்கிவிட்டான்.

"அப்பா எங்க போறாரு?" என்றாள் எழிலரசி, பட்டுப்புடவையும் ஓட்ட ஷூவுமாக.

"சம்பந்தி என்னமா ஓடறார்!" என்றாள் ஷ்யாமளா.

"பழகிட்டாருங்க. இனி அவரா நின்னாத்தான் உண்டு" என்றார் உங்கள் வீட்டம்மா.

பத்து நிமிடம் பார்த்தோம். பிறகு, ஏற்பாடுகளைக் கவனியுங்கள், நான் வந்துவிடுகிறேன் என்று எல்லாரையும் முன்னால் அனுப்பினேன். சாமான் வேன்காரர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வேனும் போய்விட்டது.

ஒரு மணி நேரம் தனியாக நடந்தேன். என் ஆபீஸ் சுவரில் இருந்த தோப்பு அதுதான். ஆனால் படத்தில் ஆட்டு மணிச் சத்தமும், ஈர மண் வாசனையும், முழங்கால் வலியும் இல்லை. நீளமான ஒரு சுரங்கத்துக்குள் போனேன். அங்கே ஆள் நடமாட்டம் தெரிந்தால் விளக்கு தானாக எரியும். நான் நடந்த வேகத்தில், யாரும் இல்லை என்று முடிவு செய்து அணைந்துவிட்டது. இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேர்ந்து வந்து சேரவேண்டும் என்பது முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள். போகவேண்டியதுதானே. பெண்ணின் கல்யாணம்.

அப்போது அந்தக் கடைசியில் விளக்கு எரிந்தது. வேட்டி கட்டிய ஒருவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"ஏன் திரும்பி வரேள்?" என்று கேட்டேன்.

"சேந்து போகோணும்னு சொல்லியிருக்காங்கல்லங்க" என்றீர்கள், பால் பாக்கெட் வாங்க மறந்து திரும்பி வந்தவர் மாதிரி.

மற்றது உங்களுக்குத் தெரியும்.

இனி, இந்தக் கடிதம் எழுதிய காரணம். இது உங்களுக்குத் தெரியாது. பெண்ணின் தகப்பனார் என்ற முறையில் தெரியவேண்டும்.

அன்று விடியற்காலை ஸ்பெயினில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் அடுத்த வாரம்தான் மாற்றுவார்கள். அதனால் நம்மில் யாருக்கும் அது நினைவில்லை. எல்லாருடைய போனும் தானாக மாறிக்கொண்டது. என் கைக்கடிகாரம் மாறவில்லை. காலைச் சாப்பாட்டில் ரொட்டியில் ஜாம் தடவும்போது சுவர்க்கடிகாரத்தையும் கையையும் பார்த்தேன். புரிந்துவிட்டது. நான் முகூர்த்தம் கணித்தது பழைய நேரத்தில். புதிய நேரப்படி அது 11.00 முதல் 12.30 அல்ல, 10.00 முதல் 11.30.

உடனே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் நகரும். அங்கே ஏழே முக்காலுக்குத்தான் விடிகிறது. பதினொன்றரைக்குள் என் காலால் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து சேர முடியாது. என்னை வேனில் ஏற்றுவார்கள். ஜாமைத் தடவி ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டேன்.

நாம் போய்ச் சேர்ந்தபோது 11.50. எல்லாரும் போனைப் பார்த்து, "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு!" என்று கைதட்டினார்கள். தாலி கட்டியது 12.10க்கு. கிரகங்களின் கணக்கில் நல்ல நேரம் முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. முப்பத்துநாலு வருடத்தில் ஒரு தவறான அறிக்கையில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று கையில் அட்சதையோடு நின்று, சரியான நேரத்தில் தூவினேன்.

பரிகாரம் ஏதாவது செய்யவேண்டும் என்று நீங்கள் நினைத்தால் எழுதவும். ஷ்யாமளாவுக்குத் தெரியவேண்டாம். அவளிடம் சொன்னது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள்,
அச்சுதன்

*

ரிச்சர்ட்சன்
நவம்பர் 18, 2025

அன்புள்ள சம்பந்தி,

நீங்கள் பார்க்காததை நானும் சொல்லவேண்டும்.

நீங்கள் எழுதிக்கொடுத்த வாக்கியத்தை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஓடிக்கொண்டே சொல்லிப் பழகவில்லை. முதல் சுரங்கத்தில் "மாப்" என்றேன். "பிள்ளை" வரவில்லை. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, தானும் கையை ஆட்டிவிட்டு ஓடினார். பாலத்தின் மேல் பின்பக்கமாக ஓடிக்கொண்டே, "அங்கிள், யூ ஹாவ் டு ஸே இட்! நீங்க கூப்பிடாம நின்னா தப்புன்னு அப்பா சொல்லியிருக்காரு!" என்றார். மரியாதையான பையன். என் கண்ணைவிட்டு மறையாத தூரத்திலேயே ஓடினார். அந்த மரியாதையில் ஆறு கிலோமீட்டர் போய்விட்டோம்.

கடைசியில் எல்லாம் மறந்துபோய், "நில்லு சாமி!" என்று கத்தினேன். நின்றார். இருவரும் பாதையோரம் உட்கார்ந்தோம். எனக்குப் பேச்சு வர ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அப்பா முட்டி நெஜமா எப்படி இருக்கு, அங்கிள்? எங்கிட்ட ஃபைன்னுதான் சொல்லுவாரு."

"ஃபைன் இல்லீங்க. ஆனா வந்து சேந்துருவாரு. நீங்க போங்க, நான் கூட்டிட்டு வர்றேன்."

"லேட் ஆயிடுமே?"

"ஆகட்டுமுங்க."

வெயில் ஏறியிருந்ததால் குடையை வாங்கிக்கொண்டேன்.

இனிக் கடிகாரம். நான் ரிச்சர்ட்சன் டெலிகாம் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் சம்பளம் வாங்கியது ஒரே வேலைக்கு. நாடு நாடாக உள்ள எங்கள் மெஷின்களில் எல்லாக் கடிகாரங்களும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஐரோப்பாக்காரர்கள் நமக்கு ஒரு வாரம் முன்னால் மாற்றுவார்கள் என்பதற்காக ஒவ்வொரு அக்டோபரும் நான் ஆபீசில் படுத்திருக்கிறேன்.

உங்கள் செப்டம்பர் கடிதத்தில் முகூர்த்த நேரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திருத்தி எழுத உட்கார்ந்தேன். பிறகு, பன்னிரண்டு கிலோமீட்டரை உங்கள் நடையால் வகுத்துப் பார்த்தேன். திருத்தினால் நீங்கள் வேனில் வருவீர்கள். திருத்தாவிட்டால் நடந்து வருவீர்கள். 'சரி' என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

அன்று காலை நீங்கள் கையையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்ததை எதிர் மேஜையிலிருந்து கவனித்தேன். எங்கே சொல்லிவிடுவீர்களோ என்று காப்பியை வாயில் வைத்துக்கொண்டே பார்த்திருந்தேன். நீங்கள் ரொட்டியைக் கடித்ததும்தான் எனக்குக் காப்பி இறங்கியது.

பரிகாரம் ஒன்றும் வேண்டாம். சாந்தாமணிக்கும் தெரியாது.

நேற்று எழில் போன் செய்தாள். இருவரும் சௌக்கியம். மாப்பிள்ளை சமைக்கிறாராம், சாப்பிடமுடிகிறதாம். பேச்சுவாக்கில், "அப்பா, நீங்களும் அங்கிளும் இன்னும் பேப்பர்ல என்னதான் எழுதிக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, முழங்கால் வலியப் பத்தி" என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி,
வெங்கடாசலம்